கொடுத்த சிஓபி ஒன்று, கிடைத்த சிஓபி வேறு: ஏன்?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஓர் அலுவலகக் கட்டடத்தை எனர்ஜிப்ளஸில் (கட்டடத்தின் மின்தேவையைக் கணக்கிடும் மென்பொருள்) மாடல் செய்கிறேன். 10 டன் பேக்கேஜ் ஏசியின் கேட்டலாக்கில் குளிர்விக்கும் திறன் 35 கிலோவாட், மொத்த மின்சாரம் 11.5 கிலோவாட். சிஓபி (குளிர்ச்சியை அதற்கான மின்சாரத்தால் வகுத்த எண்) 3.04 என்று கொடுத்தேன். ஆண்டுக் கணக்கில் குளிர்ச்சியை காயில், ஃபேன் இரண்டின் மின்சாரத்தால் வகுத்தால் 2.6தான் வருகிறது. எங்கே தப்பு?
— கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: மென்பொருளை விட்டுவிடுங்கள், நீங்கள் கொடுத்த எண்ணைப் பார்ப்போம். டிஎக்ஸ் காயிலில் (குளிர்வாயு நேரடியாகக் காற்றைக் குளிர்விக்கும் காயில்) கேட்கப்படும் சிஓபியில் கம்ப்ரஸரும் கண்டென்சர் ஃபேனும் மட்டுமே சேர்த்தி. அறைக்குள் காற்றைத் தள்ளும் ப்ளோயருக்குத் தனி ஆப்ஜெக்ட் உண்டு. கேட்டலாக்கின் 11.5 கிலோவாட்டில் ப்ளோயரும் அடக்கம் என்பதால், அதன் மின்சாரம் உங்கள் மாடலில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது.

பிரித்துப் பாருங்கள். ப்ளோயர் 1.5 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 10 கிலோவாட். ப்ளோயரின் சூட்டையும் காயில்தான் தணிக்க வேண்டும், ஆகவே காயிலின் மொத்தத் திறன் 35 அல்ல, 36.5. சிஓபி 3.65. திறன் கட்டத்திலும் 36.5 என்றே கொடுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொரு பொறி: காயிலுக்குள்ளேயே 773.3 என்ற இயல்பு மதிப்போடு ஒரு ஃபேன் கட்டம் இருக்கும். அது சீர் (பருவம் முழுமைக்குமான திறன் எண்) போன்ற தர எண்களைக் கணக்கிட மட்டும். அதை எவ்வளவு மாற்றினாலும் மின்கட்டணம் அசையாது.

சரி, இதைத் திருத்தினாலும் ஆண்டு முழுவதும் 3.65 வராது. அந்த எண் வெளியே 35 டிகிரி, காயிலுக்கு வரும் காற்றின் ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 19.4 டிகிரி என்ற ஒரே ஒரு நிலைக்கானது. மற்ற நேரங்களில், வெப்பத்துக்கும் சுமைக்கும் ஏற்ப திறனை மாற்றும் வளைவுகள்தான் பேசும். பாலக்காட்டு மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் மதியத்தில் சிஓபி இறங்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் 24, 25 டிகிரி இருக்கும்போது ஏறும். அப்புறம் பகுதிச் சுமை, அதாவது முழுத்திறனும் தேவைப்படாத நேரம். வழக்கமான வளைவான 0.85 + 0.15 × சுமை விகிதத்தில், பாதிச் சுமைக்கு 0.925 கிடைக்கும். அதாவது அந்த மணி நேரத்தில் கம்ப்ரஸர் 50 சதவீதத்துக்குப் பதில் 54 சதவீதம் ஓடும். தேவைக்கு மேல் டன் போட்டவர்களை இது வருஷம் முழுக்கத் தண்டிக்கும்.

சரிபார்க்கும்போது மணிக்கு மணி சிஓபியைச் சராசரி எடுக்காதீர்கள். இரவில் துளிச் சுமையில் ஓடிய மணிக்கும் ஏப்ரல் மதியத்துக்கும் அது ஒரே எடை கொடுத்துவிடும். ஆண்டின் மொத்தக் குளிர்ச்சியை மொத்த மின்சாரத்தால் வகுத்த உங்கள் முறைதான் சரி. காயிலின் மின்சாரத்துக்கு ஒரு வகுத்தல், ப்ளோயரையும் சேர்த்து இன்னொன்று என்று தனித்தனியாகப் போட்டால் சிக்கல் எங்கே என்பது உடனே தெரியும்.

வானிலைக் கோப்பையும் பாருங்கள். கொச்சியுடையதைப் போட்டிருந்தால் கடலோர ஈரம் வரும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் கோடைச் சூடு வராது. கோயம்புத்தூர் உங்களுக்குப் பக்கத்தில்தான், ஆனால் ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் அதிகம் என்பதால் வெப்பம் சற்றுக் குறைவாகவே காட்டும்.

ஸ்பிளிட் ஏசி வைக்கும் அறைகளுக்கு நட்சத்திர லேபிளின் ஐசீர் (இந்தியப் பருவத் திறன்) எண்ணை சிஓபி கட்டத்தில் போட வேண்டாம். அது 24 முதல் 43 டிகிரி வரையிலான நேரங்களைச் சேர்த்த பருவ எண். அதன் மேல் வளைவுகளும் வேலை செய்தால் வெப்பநிலையை இரண்டு தடவை கணக்கில் எடுத்ததாகிவிடும். 35 டிகிரியில் முழுத்திறன், அதற்கான மின்சாரம் இரண்டையும் விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.