மவுண்டிங் ஓட்டை சேரவில்லையா? போல்ட்டை வைத்து இழுக்காதீர்கள்

கேள்வி: முன்சக்கர டிரைவ் கார். கிளட்ச் மாற்றுவதற்காக இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாக இறக்கித் திரும்ப ஏற்றினேன். டைமிங் பக்க (டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் முனை) மவுண்டிங், அதாவது இன்ஜினை வண்டியின் பாடியோடு பிடிக்கும் ரப்பர் தாங்கி, சேர்ந்துவிட்டது. கியர்பாக்ஸ் பக்க ஓட்டை மட்டும் ஏறக்குறைய 10 மி.மீ. விலகி நிற்கிறது. நீளமான போல்ட் போட்டு இழுத்து முறுக்கலாமா?

பதில்: வேண்டாம். அங்கே இருப்பது பெரும்பாலும் அலுமினியம். மரை பிய்ந்து வரும், இல்லையென்றால் பிராக்கெட்டின் காது உடையும்.

முதலில், சேர்ந்துவிட்டதாகச் சொல்லும் பக்கத்தைத் தளர்த்துங்கள். தகராறு அநேகமாக அங்கேதான் இருக்கும். ஒரு முனையை முழுதாக இறுக்கிவிட்டால் அங்குள்ள 2 மி.மீ. கோணல் மறுமுனைக்குப் போவதற்குள் பல மடங்காகிவிடும். எல்லா மவுண்டிங் போல்ட்டையும் மூன்று நான்கு மரை மட்டும் கையால் ஏற்றி விடுங்கள்; இப்போதைக்கு ஸ்பேனர் வேண்டாம். இன்ஜினின் எடை செயின் பிளாக்கிலோ ஜாக்கியிலோ நிற்கட்டும். ஜாக்கி என்றால் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடியில் அகலமான மரப்பலகை அவசியம். வெறும் ஜாக்கித் தலை தகட்டை உள்ளே அமுக்கிவிடும்.

இனி ஓட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பாருங்கள். காரணத்தை அதுவே காட்டிக்கொடுக்கும்.

மேலும் கீழுமாக விலகியிருந்தால் எடைதான் காரணம். ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கினால் சரியாகும். முன்பின்னாக இருந்தால் கீழே உள்ள டார்க் ராடை (இன்ஜின் முன்பின்னாகச் சாயாமல் பிடிக்கும் கை) முன்கூட்டியே இறுக்கியிருப்பீர்கள், அல்லது சைலன்சரின் முன்குழாய் இன்ஜினைப் பிடித்து இழுக்கிறது. இரண்டையும் தளர்த்துங்கள். சப்ஃபிரேமை (இன்ஜினுக்குக் கீழே பாடியில் மாட்டியிருக்கும் சட்டம்) கழற்றியிருந்தால் அது பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடவலமாக விலகியிருந்தால்தான் கவலை. கிளட்ச் வேலை முடிந்த காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெல் ஹவுசிங்கை, அதாவது கிளட்சை மூடியபடி இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூட்டை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் விளிம்பைச் சுற்றி ஃபீலர் கேஜை (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். எங்காவது உள்ளே நுழைந்தால் டவல் பின் (இரண்டையும் நேராகப் பொருத்தும் குச்சி) சாய்ந்திருக்கலாம், நடுவில் ஒயர் பிராக்கெட் மாட்டியிருக்கலாம், கிளட்ச் பிளேட் மையத்தில் இல்லாமல் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் தண்டு) பாதியில் நிற்கலாம். அங்கேயும் போல்ட்டால் இழுத்து மூடக் கூடாது; பிரித்துப் பார்ப்பது ஒன்றே வழி. அந்த இடைவெளி சுத்தமாக மூடியிருந்தால், வண்டியின் பாடியில் பிராக்கெட்டைப் பிடிக்கும் போல்ட்களைத் தளர்த்துங்கள். அந்த ஓட்டைகள் நீள்வட்டமாக இருந்தால் தேவையான நகர்வு அதிலேயே கிடைத்துவிடும்.

கடைசி இரண்டு மூன்று மி.மீ.க்குக் கூர்முனைக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு நெம்பலாம். சேர்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. இன்ஜின் ஒரு நூல் அசைந்தாலும் விரல் துண்டாகிவிடும்.

எல்லாம் சேர்ந்ததும் போல்ட்களை இறுக்காமல் கையால் முழுதாக ஏற்றிவிட்டு, பிறகு ஜாக்கியை எடுத்து, இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் நாலைந்து முறை ஆட்டுங்கள். ரப்பர் முறுக்கில்லாமல் தன் இடத்தில் உட்காரும். பிறகு மேலே உள்ள இரண்டு மவுண்டிங், கடைசியில் டார்க் ராட். இதுதான் பொதுவான வரிசை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முறுக்கு அளவையும் அதிலிருந்து எடுத்து டார்க் ரெஞ்சில் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வையுங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் போல்ட் என்று அதில் இருந்தால் புதிதுதான் போட வேண்டும். தளர்த்திய சைலன்சர் குழாயை அதற்குப் பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐடிலிங்கில் ஸ்டீயரிங் அதிர்ந்தால், ரப்பரின் நடுத்தண்டு ஒரு பக்கக் கூட்டில் முட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முட்டினால் அந்த மவுண்டிங்கை மட்டும் தளர்த்தி, இன்ஜினை ஆட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள்.