இயற்கை மையம் என்றால் என்ன, சாதாரணப் பூங்காவிலிருந்து எப்படி வேறு?

சாதாரணப் பூங்காவுக்குக் காற்று வாங்கப் போவோம்; ஓர் ஊரின் மண்ணையும் மரத்தையும் பறவையையும் அங்கேயே நின்று, தெரிந்தவர் காட்டக் காட்டக் கற்கும் இடம்தான் இயற்கை மையம். சென்னையில் அடையாறு கழிமுகத்தை ஒட்டி, குப்பை கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீரமைத்து 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா இந்த வகைதான்.

சரி, ஏன் நேரில் போகணும்? ரசம் நுரை கட்டியதும் இறக்கு என்று எத்தனை தடவை படித்தாலும், அடுப்பருகே நின்றால்தானே பக்குவம் பிடிபடும்! கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தி மர வகைகளில் வெண்கண்டல் என்று ஒன்று, சேற்றுக்கு மேலே பென்சில் நட்டுவைத்த மாதிரி வேரை நீட்டி மூச்சு விடும், இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் (எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்). பாடப்புத்தகத்தில் அந்த உப்பு கிடையாது.

அப்புறம், இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வயல் வரப்பில் பறவை பார்த்து வளர்ந்த தாத்தா கூட வந்தால் பேரனுக்குப் பாதிப் பெயரை அவரே சொல்லிவிடுவார்.