டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எதுவும் வேண்டாம்: மில்லிங் மெஷின் கேள்வி-பதில்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் குன்னூர், கோத்தகிரி பக்கமிருந்து டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றித் தரும் எலக்ட்ரானிக் பெட்டி) பற்றிய கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல், சுழலும் கட்டரால் இரும்பை வெட்டும் மில்லிங் மெஷினில் போட்ட டிரைவ் பற்றியவை. பதிலுக்குள் போகும் முன் வழக்கமான எச்சரிக்கை: டிரைவின் மூடியைத் திறப்பதானால் மெயினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். டிஸ்பிளே அணைந்தாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: பழைய டரெட் மில்லிங் மெஷின், 2 எச்.பி. மோட்டார். சிங்கிள் பேஸ் டிரைவ் போட்டேன். சும்மா நன்றாகச் சுற்றுகிறது, கட்டர் இரும்பைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. டிரைவ் மட்டமா?

டிரைவ் மேல் பழி போடாதீர்கள். உங்கள் மோட்டார் காயில்களின் இணைப்பு இன்னும் ஸ்டாரில் இருக்கிறது. சிங்கிள் பேஸ் டிரைவ் வெளியே தருவது 230 வோல்ட் த்ரீ பேஸ். ஸ்டாரில் 415 வோல்ட் கேட்கும் மோட்டாருக்கு அதைக் கொடுத்தால் டார்க் (சுற்றும் விசை) மூன்றில் ஒரு பங்குதான் வரும். நேம் பிளேட்டில் 230/415 என்று இருந்தால் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பித்தளைப் பட்டைகளை டெல்டாவுக்கு மாற்றுங்கள். அப்புறம் மோட்டார் கரண்ட் பாராமீட்டரில் டெல்டா ஆம்பியரைப் போடுங்கள், அது சுமார் 6 வரும். ஸ்டார் ஆம்பியரான மூன்றரையை அப்படியே விட்டால் ஓவர்லோடு காட்டி நிற்கும். பிளேட்டில் வெறும் ‘415 டெல்டா’ என்று மட்டும் இருந்தால் இந்த வழி கிடையாது. ரீவைண்டிங் செய்யுங்கள், இல்லையென்றால் த்ரீ பேஸ் லைன் வாங்கி 415 வோல்ட் டிரைவ் போடுங்கள்.

குன்னூர்: ஸ்டாப் அழுத்தும்போது மட்டும் ஓவர் வோல்டேஜ் காட்டி ட்ரிப் ஆகிறது.

நிற்கும் நேரத்தை ஒரு வினாடியிலிருந்து ஐந்தாக்குங்கள். பெரிய ஃபேஸ் கட்டரைச் சட்டென்று நிறுத்தும்போது, சுழற்சியில் இருக்கும் சக்தி டிரைவுக்குள் திரும்பி வரும். உள்ளே சாதாரணமாக 325 வோல்ட் இருக்கும் டிசி, 400-ஐ நெருங்கியதும் டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சட்டென்று நின்றே ஆக வேண்டுமானால், திரும்பி வரும் சக்தியைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் வாங்குங்கள், உங்கள் மாடலில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.

ஊர் பெயர் இல்லாத கடிதம்: டிரைவ் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. என்ன செய்யலாம்?

டிஸ்பிளேயில் என்ன எழுத்து வருகிறது? கிளம்பும்போதா, கட்டிங்கிலா, நிற்கும்போதா? நேம் பிளேட்டில் என்ன இருக்கிறது? ஒன்றுமே எழுதவில்லை. கிளம்பும்போது ஓவர் கரண்ட் என்றால் வேகமெடுக்கும் நேரம் குறைவு அல்லது டார்க் பூஸ்ட் (கிளம்பும்போது கூட்டித் தரும் வோல்டேஜ்) அதிகம். கட்டிங்கில் என்றால் ஆழம் அதிகம் அல்லது கட்டர் மழுங்கியிருக்கிறது. ஸ்டார்ட் கொடுத்த கணமே, மோட்டார் அசையும் முன்பே என்றால் கேபிளிலோ மோட்டாரிலோ ஷார்ட். இதில் உங்களுடையது எதுவென்று நான் எப்படிச் சொல்ல? பிளேட்டைத் துணியால் துடைத்து, படித்து, மறுபடி எழுதுங்கள்.

கூடலூர் பக்கம் ஒரு தேயிலை ஆலையிலிருந்து: இலையை நொறுக்கும் சிடிசி ரோலருக்குப் பல் வெட்டும் மில்லிங் மெஷினில் டிரைவ் போட்டுக் கொடுத்தார்கள். பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் டிரம் ஸ்விட்சை அப்படியே வைத்துக்கொண்டோம். இரண்டாவது டிரைவும் புகைந்துவிட்டது. கம்பெனி மாற்றலாமா?

எந்தக் கம்பெனி டிரைவ் வாங்கினாலும் மூன்றாவதும் புகையும். ஸ்விட்ச் இருக்கும் இடம்தான் தப்பு.

மலையில் எத்தனையோ பட்டறைகளில் இதைப் பார்த்துவிட்டேன். பழைய வயரிங்கைத் தொட சோம்பல்பட்டு, மெயின் வரும் இடத்தில் டிரைவைச் செருகிவிட்டு, அதன் அவுட்புட்டைப் பழைய ஸ்விட்சுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அரை மணி நேர வேலையை மிச்சம் பிடித்து இருபதாயிரம் ரூபாய்ச் சாமானைக் கொல்கிறார்கள். செய்தவர்களுக்கு நஷ்டமில்லை, ரோலர் பல் மழுங்கி, இலை அரைபடாமல் ஆலை காத்துக் கிடப்பதுதான் மிச்சம்.

நடப்பது இதுதான். டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சைத் திறந்தால் மோட்டார் காயிலில் இருக்கும் கரண்ட் போக இடமில்லாமல் வோல்டேஜாக எகிறும், ஸ்விட்ச் முனையில் பொறி பறக்கும். மறுபடி மூடினால் 50 ஹெர்ட்ஸில் நிற்கும் டிரைவின் தலையில் நின்ற மோட்டார் வந்து விழும், ரேட்டிங்கைப் போல ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே ரிவர்ஸுக்குத் தள்ளினால் அதையும் தாண்டும். டிரைவுக்குள் கரண்டைத் திறந்து மூடும் ஐஜிபிடி எத்தனை முறை தாங்கும்?

டிரைவின் மூன்று அவுட்புட் வயரும் நேராக மோட்டாருக்குப் போக வேண்டும். நடுவில் டிரம் ஸ்விட்ச், காண்டாக்டர் (கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்), பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் எதுவும் வேண்டாம். டிரம் ஸ்விட்சைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பவர் வயர்களை முழுக்கக் கழற்றிவிட்டு, அதன் காண்டாக்டுகளை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் ஃபார்வர்டு, ரிவர்ஸ், காமன் என்று கொடுங்கள். கைப்பிடி அதே கைப்பிடி, ஆபரேட்டருக்குப் பழக்கம் மாறாது. முனைகள் கருகியிருந்தால் சின்ன கரண்டைக் கடத்தாது. அப்போது புது செலக்டர் ஸ்விட்ச் போடுங்கள்.

கூடவே இன்னொன்று, இது கை விரல் சம்பந்தப்பட்டது. நம் பக்கம் மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போவதும் வருவதும் சகஜம். கைப்பிடி ஃபார்வர்டிலேயே இருந்து, பவர் வந்ததும் ஓடு என்று டிரைவில் செட்டிங் இருந்தால், ஆள் கட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் அச்சு) தானாகக் கிளம்பும். அந்த ஆட்டோ ஸ்டார்ட்டை அணையுங்கள். முடிந்தால் த்ரீ வயர் முறையில் தனி ஸ்டார்ட் பட்டன் வையுங்கள். மெயினில் இருக்கும் காண்டாக்டரை வைத்து டிரைவை ஓட்டி நிறுத்தும் பழக்கமும் கூடாது. அது எமர்ஜென்சிக்கு மட்டும்.

ஊட்டி: காலையில் ஃபால்ட் காட்டுகிறது, பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது.

பனி. இரவில் குளிர்ந்த போர்டில் ஈரம் படிந்து, வெயில் ஏறியதும் காய்கிறது. ஒரு நாள் காயாத நேரத்தில் ஸ்விட்ச் போடுவீர்கள், அன்றோடு முடிந்தது. பேனலை ரப்பர் பீடிங் வைத்து மூடி, உள்ளே தெர்மோஸ்டாட்டோடு சின்ன பேனல் ஹீட்டர் வையுங்கள், இரவிலும் அதற்கு லைன் இருக்கட்டும். பேனலைத் திறந்து போடாதீர்கள். வார்ப்பிரும்பு தூள் ஈரத்தோடு சேர்ந்தால் போர்டுக்கு எமன்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். 1000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் ஒரு சதவீதம் டிரைவின் ஆம்பியரைக் குறைக்க வேண்டும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல், ஆகவே 12 சதவீதம் போய்விடும். குன்னூருக்கு எட்டு, ஒன்பது. காற்று மெலிந்தால் ஹீட் சிங்க்கின் சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துப் போகும். கோவையில் வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், ஒரு சைஸ் பெரியதாகக் கேளுங்கள். 2000-க்கு மேல் என்றால் அந்த மாடலை அங்கே போடலாமா என்று மேனுவலையும் பாருங்கள்.

குன்னூர்: ஸ்பிண்டில் ஓடும்போது டிஆர்ஓ (மேஜை நகர்ந்த தூரத்தைக் காட்டும் டிஜிட்டல் டிஸ்பிளே) எண்கள் குதிக்கின்றன.

மோட்டாருக்கு ஷீல்டு கேபிள் போட்டு ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள். டிஆர்ஓவின் ஸ்கேல் வயரை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். எர்த் பிட் காய்ந்து கிடந்தால் மற்றதெல்லாம் வீண்.

கோத்தகிரி: லீக்கேஜ் பிரேக்கர் விழுகிறது. எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கலாமா?

கூடாது. முதலில் டிரைவிலிருந்து வயரைக் கழற்றி மோட்டாரை மட்டும் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். டிரைவ் இணைப்பில் இருக்கும்போது மெகர் வைத்தால் டிரைவ் போய்விடும். மோட்டார் நன்றாக இருந்தால் டிரைவின் ஃபில்டர் வழியாகத்தான் எர்த்துக்குக் கசிகிறது. தனி லைன் இழுத்து, டிரைவுக்கு ஏற்ற வகை பிரேக்கர் எது என்று மேனுவலில் பார்த்து வாங்கிப் போடுங்கள்.

அருவங்காடு: 10 ஹெர்ட்ஸில் பெரிய கட்டர் ஓட்டினால் மோட்டார் சுடுகிறது.

சுடத்தான் செய்யும். மோட்டார் ஃபேன் ஷாஃப்டிலேயே இருக்கிறது, அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். 25 ஹெர்ட்ஸில் பாதி எச்.பி., 10-ல் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஸ்பிண்டில் வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போட்டு மோட்டாரை 30-க்கு மேல் ஓட்டுங்கள். பெல்ட் மாற்றும் வேலை மிச்சம் என்பதற்காக எல்லாவற்றையும் பொட்டென்ஷியோமீட்டரில் செய்யப் பார்க்காதீர்கள்.

குந்தா: இரண்டு வருடமாகப் பெட்டியில் இருக்கும் புது டிரைவ். போடலாமா?

நேராக 230 வோல்ட் கொடுக்காதீர்கள். மோட்டாரை இணைக்காமல், வேரியாக்கில் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கால், அரை, முக்கால், முழு வோல்டேஜ் என்று ஒவ்வொன்றிலும் அரை மணி வைத்து ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் மூடியைத் திறப்பதானால் பத்து நிமிடம் பொறுங்கள்.