வீட்டுக் கணினியின் கிராபிக்ஸ் கார்டில் கிரிப்டோ மைனிங் செய்வது இன்றும் லாபமா?

விளையாட்டுக்காக வாங்கிய கார்டு ஒன்று கையில் இருக்கிறது, கடன் வாங்கியாவது இன்னும் இரண்டு வாங்கி மைனிங்கில் போடச் சொல்கிறார் நண்பர், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2022-இல் கடனில் கார்டு வாங்கியவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

மைனிங் என்பது, ஒரு கிரிப்டோ நாணயத்தின் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் போட்டிக் கணக்கைக் கணினியில் போட்டு, புதிதாக உருவாகும் நாணயத்தைக் கூலியாகப் பெறுவது. 2021 தொடக்கத்திலிருந்து ஆறு கார்டுகளை ஓர் அறையில் இரவு பகலாக ஓட்டினேன். ஆறுமே ஆர்டிஎக்ஸ் 3070. எடுத்தது எத்திரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் நாணயம். போட்ட பணம் ஓராண்டுக்குள் திரும்பியது. ஆகவே மைனிங் என்றாலே ஏமாற்று வேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அன்று அது உண்மையான வருமானம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் இன்று ஏன் வருவதில்லை என்பதும் விளங்கும்.

பிட்காயினைக் கிராபிக்ஸ் கார்டில் எடுக்கும் காலம் 2013-இல் ஏசிக் இயந்திரங்கள் வந்ததோடு முடிந்துவிட்டது. அந்த ஒரு கணக்கை மட்டுமே போடுவதற்கென்று செய்யப்பட்ட இயந்திரங்கள் அவை. இன்றைய ஏசிக் ஒன்று 3,500 வாட் மின்சாரத்தில் நொடிக்கு 200 லட்சம் கோடி ஹேஷ், அதாவது அந்தக் கணக்கில் அத்தனை முயற்சிகள், போடுகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு சில நூறு கோடிதான் போடும். எத்திரியத்தின் கதை வேறு. 2015-இல் தொடங்கியபோதே அதன் கணக்கு வேகமான நினைவகத்தை நிறையக் கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டின் பலமே அந்த நினைவகம்தான் என்பதால் வீட்டில் இருந்தவர்களும் போட்டியில் நிற்க முடிந்தது. கடைசிக் காலத்தில் நாளொன்றுக்கு எத்திரியத்தின் நாணயமான ஈதர் சுமார் 13,000 புதிதாக உருவாகி, உலகெங்கும் மைனிங் செய்தவர்களுக்குப் பிரிந்து போனது. நம் கார்டுகளுக்குச் சம்பளம் வந்த இடம் அதுதான்.

2022 செப்டம்பர் 15 அன்று அது நின்றது. பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலையை, ஈதரைப் பிணையாக வைப்பவர்களிடம் எத்திரியம் ஒப்படைத்துவிட்டது. அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த மாற்றம் சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் வருமானம் போனது என்பதற்காக அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கே என் ஆறு கார்டுகளையும், கார்டில் இன்னும் எடுக்க முடிந்த வேறொரு நாணயமான எத்திரியம் கிளாசிக்குக்கு மாற்றினேன். உலகத்தில் இருந்த எல்லோரும் அதையேதான் செய்தார்கள். சிலர் ரேவன்காயின், சிலர் எர்கோ. எத்தனை பேர் வந்து ஹேஷ் போட்டாலும் ஒரு நாணயம் தன் விதிப்படி இவ்வளவுதான் என்று வெளியிடும். ஆள் கூடினால் கணக்கின் கடினநிலை தானாக ஏறும், தலைக்குக் கிடைப்பது குறையும். ஊற்று அதேதான், இறைக்க வந்தவர்கள் மட்டும் பல மடங்கு. ஒரு வாரம் பார்த்தேன். மின்கட்டணத்தில் பாதிகூட வரவில்லை. பத்தாம் நாள் அணைத்துவிட்டேன்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் லாபக் கணிப்பான்களில் கார்டின் மின்செலவு மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். என்னுடைய கார்டு ஒன்று, மின்னழுத்தத்தைக் குறைத்து ஒழுங்குபடுத்திய பிறகு, 120 வாட் எடுப்பதாக மென்பொருள் காட்டும். ஆறுக்கு 720. தாய்ப்பலகை, செயலி, விசிறிகளுக்கு 80 சேர்த்தால் 800. மின்வழங்கியில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாகவே போய்விடும். ஆக, சுவரில் இருந்து இழுத்தது கிட்டத்தட்ட 890 வாட். நாளுக்கு 21 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 640 யூனிட். அறையைக் குளிர்விக்க ஆன செலவு இதில் சேரவில்லை. உங்களுக்கு ஒரே கார்டுதான் என்றாலும், அதற்காகவே முழுக் கணினியும் 24 மணி நேரம் விழித்திருக்க வேண்டும். ஒற்றைக் கார்டில் இந்தச் சுமையின் பங்கு இன்னும் அதிகம். மென்பொருளை நம்பாமல், சுவர்ச் செருகியில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்து பாருங்கள்.

இந்த இடத்தில் உங்கள் நண்பர் ஒன்று சொல்வார்: இன்று நஷ்டம்தான், ஆனால் எடுத்து வைத்துக்கொண்டால் நாளைக்கு விலை ஏறும். இதே பேச்சை நானும் நம்பி அந்தப் பத்து நாளை ஓட்டினேன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். விலை ஏறும் என்று உண்மையாகவே நம்பினால், மாத மின்கட்டணத்துக்கான பணத்தைக் கொண்டு அதே நாணயத்தைச் சந்தையில் நேரடியாக வாங்கினால் எத்தனை கிடைக்கும் என்று பாருங்கள். மைனிங்கில் எத்தனை கிடைத்தது என்று பாருங்கள். வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், விலை பத்து மடங்கு ஏறினாலும் வாங்கியவர்தான் முன்னால் நிற்பார், கார்டும் தேயாமல் இருந்திருக்கும். நாணயம் ஏறுமா இறங்குமா என்ற கேள்வியே இந்தக் கணக்கில் நுழைவதில்லை. எத்திரியம் போன பிறகு வழக்கமான வீட்டு மின்கட்டணம் கட்டுபவர்களுக்கு நான் இதைப் போட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் வாங்குவதே மேல் என்று வந்தது. சூரியத் தகடு வைத்து, விற்க வழியில்லாமல் மின்சாரம் மிஞ்சுகிறவர்களுக்கு விடை மாறலாம். குளிர் நாட்டில் எப்படியும் மின்சாரத்தில் அறையைச் சூடாக்குகிறவர்களுக்கும் மாறலாம், ஏனென்றால் கார்டு எடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. 2021 நவம்பரில் தொடங்கிய காஸ்பா என்ற நாணயத்தை ஆரம்பத்திலேயே எடுத்து வைத்தவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். 2023-இல் அதற்கும் ஏசிக் வந்தது, கார்டுகளின் கதை முடிந்தது. காஸ்பாவைப் போலப் பெரிதாகும் என்று சொல்லப்பட்ட மூன்று புது நாணயங்களை நானும் எடுத்தேன். இரண்டை இன்று எந்தச் சந்தையிலும் விற்க முடியாது.

கார்டின் உடல்நலத்தையும் சொல்ல வேண்டும். சிப் 60 டிகிரியில்தான் இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள், சூடாவது நினைவகம். ஆர்டிஎக்ஸ் 3080 போன்றவற்றில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் மைனிங்கில் 110 டிகிரியைத் தொட்டுத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வது சர்வசாதாரணம். என் கார்டு ஒன்றின் விசிறி பதினான்காம் மாதத்தில் நின்றது. அதைவிடப் பயந்தது ஒரு நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தபோது. கார்டைப் பலகையிலிருந்து தள்ளி வைக்க உதவும் ரைசருக்கு, வன்வட்டுகளுக்கான சாட்டா இணைப்பிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தேன். அந்த இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும். கார்டு அந்த வழியில் 75 வாட் வரை கேட்கலாம். இணைப்பு உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் அது. இரண்டாவது, மூன்றாவது கார்டைச் சேர்ப்பவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான், தயவுசெய்து செய்யாதீர்கள்.

கையில் இருக்கும் கார்டைச் சும்மா வைத்திருக்க மனமில்லை என்றால், கற்றுக்கொள்வதற்காக ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நாணயங்களை வைத்துக்கொள்ளும் வாலட்டை உருவாக்குவது, பலர் சேர்ந்து மைனிங் செய்து பங்கிட்டுக்கொள்ளும் பூலில் சேர்வது, மின்வரம்பைக் குறைத்தும் வேகம் குறையாத புள்ளியைக் கண்டுபிடிப்பது எல்லாம் நல்ல அனுபவம். மென்பொருளை அதை எழுதியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வாலட்டைத் திருடும் நிரல்கள் இந்த வேடத்தில்தான் அதிகம் சுற்றுகின்றன. பூலின் குறைந்தபட்சப் பட்டுவாடா அளவைத் தொடங்கும் முன்பே பாருங்கள். ஒற்றைக் கார்டில் அதை எட்ட மாதக்கணக்கில் ஆகும் பூல்கள் இருக்கின்றன, அதுவரை உங்கள் நாணயம் அவர்களிடம்தான் கிடக்கும். கார்டு எதுவும் வேண்டாம், பணம் கட்டினால் உங்களுக்காக நாங்களே மைனிங் செய்கிறோம், தினமும் இவ்வளவு நிச்சயம் என்று யாராவது வந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள்.

என் ஆறில் நான்கை 2022 இறுதியில் விற்றேன், மைனிங்கில் ஓடியது என்று சொல்லியே விற்றேன். ஐந்தாவது, விசிறி நின்றுபோன அந்தக் கார்டு. பழுது பார்த்துத் தங்கை மகனிடம் கொடுத்தேன், முப்பரிமாண ஓவியம் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆறாவதில்தான் இப்போது என் வீடியோக்கள் தயாராகின்றன.