பழைய சி10 பிக்கப்புக்கு 350 கட்டப் போறீங்களா, கேளுங்க சொல்றேன்

என்கிட்ட 1970 செவர்லே சி10 ஒண்ணு இருக்கு, ஷார்ட் பெட் (சாமான் ஏத்துற பின் தொட்டி குட்டையா உள்ளது), டெக்சாஸ்ல வாங்கினது. அதோட 350 ஸ்மால் பிளாக்கை (350 கன இன்ச் வி8 இன்ஜின்) கராஜ்ல வச்சு ரெண்டு தடவை பிரிச்சு கட்டியிருக்கேன், ஏன் ரெண்டு தடவைன்னு கீழ ஒரு பதில்ல வரும். 67ல இருந்து 72 வரைக்கும் வந்த இந்த பாடி வண்டியை இங்க அமெரிக்காவுல வாங்கின நம்ம ஆளுங்க கேட்ட கேள்வியை எல்லாம் சேர்த்து பதில் போட்டிருக்கேன்.

அண்ணா, என்னோடது 72 சி10. 400 ஹெச்பி வேணும், ரோட்டுல தான் ஓட்டுவேன். நல்ல கேம் (வால்வை திறந்து மூட வைக்கற தண்டு) ஒண்ணு தள்ளுபடில வருது, முதல்ல அதை வாங்கி போட்டுடவா?

வேணாம் தம்பி. கேம் வாங்குறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து பின் ஆக்சில்ல என்ன கியர் இருக்குன்னு பாருங்க, டயர் உயரத்தை டேப் வச்சு அளங்க. மைல் வேகத்தை கியர் ரேஷியோவால பெருக்கி, அதை 336ஆல பெருக்கி, டயர் உயரம் எத்தனை இன்ச்சோ அதால வகுத்தா ஆர்பிஎம் வந்துடும். 28 இன்ச் டயர், 3.08 கியர்னா 60 மைல்ல இன்ஜின் 2,200 சுத்தும், அதே 3.73 போட்டா 2,700 கிட்ட வரும். இப்ப யோசிங்க, 3,000க்கு மேல தான் உயிர் வர்ற பெரிய கேமை 3.08 கியர் வண்டியில போட்டா ஹைவேல போறப்பவே அது தூங்கிட்டு தான் இருக்கும், சிக்னல்ல இருந்து கிளம்பறப்ப மிதிச்சாலும் மூச்சு வாங்கும். ரோட்டு வண்டி பெரும்பாலும் 1,500க்கும் 4,500க்கும் நடுவுல தான் ஓடுது, அங்க இழுவை இருந்தா தான் வண்டி ஓட்ட சுகம். 400ங்கிற நம்பர் 350ல எட்டக்கூடியது தான், ஆனா அதை கடைசியா பாருங்க. கியர், டிரான்ஸ்மிஷன், கம்ப்ரஷன் (சிலிண்டர்ல காத்தை எத்தனை மடங்கு அமுக்குதுங்கற அளவு), ஹெட் (வால்வு உள்ள மேல் மூடி), கேம்னு இந்த வரிசையில பேப்பர்ல எழுதி முடிச்சுட்டு தான் பர்ஸை திறக்கணும்.

டிரான்ஸ்மிஷன் டிஹெச்350 (மூணு கியர் ஆட்டோமேட்டிக்) இருக்கு சார். மாத்தணுமா?

ஹைவே அதிகம் ஓட்டுவீங்கன்னா 700ஆர்4 (நாலு கியர் ஆட்டோமேட்டிக்) போடுங்க, முதல் கியர் 3.06, ஓவர்டிரைவ் 0.70. மேல சொன்ன 3.73 கணக்குலயே 60 மைல்ல 1,900க்கு இறங்கிடும், கிளம்பறப்பவும் நல்லா தள்ளும். 87க்கு அப்புறம் வந்ததா தேடுங்க. டிவி கேபிளை (த்ரோட்டில் வால்வ் கேபிள்) மட்டும் சரியா செட் பண்ணாம ஒரு தெரு கூட ஓட்டாதீங்க, அந்த கேபிள் தான் உள்ள பிரஷரை தீர்மானிக்குது, தளர்ந்து இருந்தா கிளட்ச் கருகிடும்.

எல்லாரும் 383 கட்டுங்கறாங்களே, 350ஐ அப்படியே கட்டறதுல என்ன குறை?

குறை எதுவும் இல்ல. 350ன்னா 4 இன்ச் போர் (சிலிண்டர் அகலம்), 3.48 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்). தேஞ்ச பிளாக்கை 30 தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) பெருசா போர் போட்டா 355 ஆகுது. அதே பிளாக்ல 3.75 ஸ்ட்ரோக் கிராங்க் (பிஸ்டன் தள்ளி சுத்த வைக்கற தண்டு) போட்டா 383. பழைய காலத்துல 400 கன இன்ச் இன்ஜினோட கிராங்க்கை எடுத்து மெயின் ஜர்னலை 2.65ல இருந்து 2.45க்கு கடைஞ்சு போடுவாங்க, இப்ப 350 மெயின் சைஸ்லயே கிராங்க் ரெடியா கிடைக்குது. பெட் நிறைய சாமான் ஏத்துற வண்டிக்கு 383 ரொம்ப பொருத்தம், கீழ்ல இருந்தே இழுக்கும், எனக்கே இன்னொண்ணு கட்டினா 383 தான். ஆனா ராடு போல்ட் பிளாக்ல இடிக்குதான்னு ஒவ்வொரு சிலிண்டரா சுத்திப் பாத்து பான் ரெயில் பக்கம் தேய்க்கணும், கேம்ல ராடு இடிக்குதான்னும் பாக்கணும். வெளி பேலன்ஸ் கிராங்க்கா இருந்தா கிராங்க்கோட முன்னாடி மாட்டற டாம்பரும் பின்னாடி மாட்டற ஃபிளெக்ஸ்பிளேட்டும் அந்த 400 இன்ஜினுக்கு உள்ளது வாங்கணும், இதை மறந்துட்டு 350 டாம்பரை மாட்டினா வண்டி நடுங்கி பேரிங் போயிடும்.

கம்ப்ரஷன் எவ்வளவு வைக்கலாம்? பம்ப்ல கிடைக்கிற பெட்ரோல் தான் போடுவேன்.

இரும்பு ஹெட்டுன்னா 9.5 பக்கம், அலுமினியம்னா 10. இது நீங்க பிஸ்டன் வாங்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு, நானே போட்டு காட்டுறேன். 355ல ஒரு சிலிண்டர் 727 சிசி. வால்வுக்கு வெட்டு விட்ட ஃபிளாட் டாப் பிஸ்டன் 5 சிசி, 39 தௌ கேஸ்கெட் 8 சிசிக்கு கொஞ்சம் மேல, பிஸ்டன் மேல ஏறி நிக்கறப்ப பிளாக் மட்டத்துக்கு 25 தௌ கீழ நின்னா இன்னொரு 5 சிசி. இதோட 64 சிசி ஹெட் போட்டா 9.8 வருது, 76 சிசி ஹெட் போட்டா 8.7க்கு இறங்கிடுது. பிஸ்டன் ஒண்ணு தான், ஹெட் மட்டும் தான் மாறிச்சு, பாருங்க எவ்வளவு வித்தியாசம். அதே 64 சிசி ஹெட்டோட 383 கட்டினா 10.5 ஆயிடும், இரும்பு ஹெட்ல அது தாறுமாறா வெடிச்சு தட்டும், அதனால 383க்கு 12 சிசி டிஷ் உள்ள பிஸ்டன் வாங்குங்க, 9.7 பக்கம் வந்துடும்.

அப்ப வோர்டெக் ஹெட் நல்லதா அண்ணே? பழைய வண்டி உடைக்கிற யார்டுல கிடைக்குது.

காசு குறைவா இருந்தா அதை விட நல்ல இரும்பு ஹெட் இல்ல. 96ல இருந்து வந்த 5.7 டிரக் இன்ஜின்ல உள்ளது, 906 இல்லன்னா 062ன்னு முடியற காஸ்டிங் நம்பர், சேம்பர் 64 சிசி. இன்டேக் போல்ட் மொத்தம் 8 தான், பழைய மேனிஃபோல்டு உக்காராது, வோர்டெக்குக்குன்னே உள்ளதை வாங்கணும். ராக்கரும் (வால்வை அமுக்கற கை) செல்ஃப் அலைனிங். முக்கியமா, கேம் லிஃப்ட் (வால்வை தூக்கற உயரம்) 0.460 இன்ச் தாண்டினா மேல ரீடெய்னர் (வால்வ் ஸ்பிரிங் மூடி) போய் வால்வ் கைடுல இடிக்கும், மெஷின் ஷாப்ல குடுத்து வெட்டி சரி பண்ணிட்டு தான் போடணும். விரிசல் செக் பண்ணாம மட்டும் யார்டுல இருந்து நேரா மாட்டாதீங்க.

கேம் பத்தி ஒரே வரியில சொல்லுங்களேன்.

ஒரே வரியில முடியாது, ஏன்னா இதுல தான் நான் ஒரு முழு இன்ஜினை இழந்தேன். பவர் பிரேக் இருக்கிற ரோட்டு 355க்கு 0.050 இன்ச் லிஃப்ட்ல அளந்த டியூரேஷன் (வால்வை திறந்து வைக்கற அளவு) 218ல இருந்து 224 டிகிரிக்குள்ள, லோப் செபரேஷன் (கேம்ல உள்ள இன்டேக், எக்ஸாஸ்ட் மேடு ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோணம்) 110 இல்ல 112, இது போதும், ஐடில்ல பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவமும் கிடைக்கும். இப்ப என் கதை. முதல் தடவை ஃபிளாட் டேப்பட் கேம் போட்டேன், அதுல உருளை இல்லாம லிஃப்டர் (வால்வை தள்ளி விடற துண்டு) நேரா லோப் மேல உரசும். அந்த லிஃப்டரோட அடிப்பக்கம் லேசா குவிஞ்சு இருக்கும், லோப் லேசா சாய்வா இருக்கும், அப்ப தான் லிஃப்டர் சுத்திக்கிட்டே தேயும், அந்த பதம் முதல் 20 நிமிஷத்துல தான் உண்டாகும். கிராங்க் சுத்தி தெறிக்கிற ஆயில் தான் லோபுக்கு போகுது, அதனால இன்ஜின் பிடிச்ச உடனே 2,000க்கு மேல ஏத்தி வைக்கணும், ஐடில்ல விடவே கூடாது. நான் டைமிங் தப்பா வச்சிருந்தேன், கார்பரேட்டர்ல பெட்ரோலும் இல்ல, பத்து நிமிஷம் கிராங்க் பண்ணிக்கிட்டே இருந்தேன், அப்புறம் பிடிச்சு ஐடில்லயே நின்னுச்சு. ரெண்டு லோப் வழிச்சுப் போயிடுச்சு, அந்த இரும்புத் தூள் எல்லா பேரிங்லயும். கராஜ் தரையில உக்காந்து அந்த கேமை கையில வச்சுப் பாத்தது இன்னும் மனசுல நிக்குது. இப்ப வர்ற சாதா கார் ஆயில்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக தேய்மானத்தை தடுக்கற ஜிங்க்கை குறைச்சுட்டாங்க, அதனால பிரேக் இன் ஆயில் (புது இன்ஜினை பழக்கற ஆயில்) தனியா வாங்குங்க. முடிஞ்சா ரோலர் லிஃப்டருக்கு போயிடுங்க, ரெண்டாவது தடவை நான் அதான் போட்டேன்.

கார்பரேட்டர் 750 போடலாமா?

355 ஐ 6,000 ஆர்பிஎம்மால பெருக்கி 3,456ஆல வகுங்க, 616 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து). இன்ஜின் அவ்வளவையும் முழுசா உறிஞ்சவும் செய்யாது. 600, 650ல வேக்குவம் செகண்டரி (காத்து இழுப்பு ஏறினா தானா திறக்கற ரெண்டாவது வாய்) போதும், டூயல் பிளேன் மேனிஃபோல்டு.

மெஷின் ஷாப்ல என்ன சொல்லிக் குடுக்கணும்? எனக்கு இது முதல் தடவை.

பிஸ்டனை கையில குடுத்துட்டு தான் போர் போட சொல்லணும், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதுக்கு ஏத்த மாதிரி ஹோன் பண்ணுவாங்க. டார்க் பிளேட் (ஹெட்டுக்கு பதிலா இறுக்கி வைக்கற கனமான தட்டு) மாட்டி ஹோன் பண்றாங்களான்னு கேளுங்க, ஹெட் போல்ட் இறுக்கினா சிலிண்டர் வட்டம் மாறும், பிளேட் இருந்தா அந்த இறுக்கத்துலயே வட்டமா வரும். நாலு போல்ட் மெயின் (கிராங்க்கை பிடிச்சிருக்கற மூடிக்கு நாலு போல்ட்) இல்லையேன்னு கவலைப்படாதீங்க, 400 ஹெச்பி ரோட்டு இன்ஜினுக்கு ரெண்டு போல்ட் தாங்கும். வீட்டுல பூட்டறப்ப ஒண்ணு ஞாபகம் வைங்க, ஸ்மால் பிளாக்ல ஹெட் போல்ட் துளை தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள திறக்குது, த்ரெட்டுக்கு சீலண்ட் தடவாம போட்டா கூலன்ட் மேல ஏறி வரும்.

என்னோடது 69 சி10. இன்ஜினுக்கு மட்டும் தான் பட்ஜெட் இருக்கு தம்பி, பிரேக் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ல?

அண்ணே, தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க. சி10க்கு முன்னாடி டிஸ்க் பிரேக் 71ல தான் வந்துச்சு, உங்களோடது 69, நாலும் டிரம். ரெண்டு மடங்கு பவரை அதுல நிறுத்த முடியாது. பெட்ரோல் டேங்கும் சீட்டுக்கு பின்னாடி கேபின் உள்ளயே இருக்கு, அதை பெட்டுக்கு அடியில மாத்திடுங்க, பிள்ளைங்க உக்கார்ற வண்டி. இன்ஜின் ஆறு மாசம் தள்ளிப் போனா போகட்டும்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்ப என்ன பாக்கணும்?

டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டறதுக்கு முன்னாடி டிரில் வச்சு ஆயில் பம்பை சுத்தி, 16 ராக்கர்லயும் ஆயில் வர்ற வரைக்கும் ஓட்டுங்க. கார்பரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் ஊத்தி வைங்க. ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, ஒயரை ரெண்டு பேர் தனித்தனியா சரி பாருங்க. பிடிச்ச உடனே 2,000ல இருந்து 2,500க்குள்ள ஏத்தி இறக்கி அரை மணி நேரம், பக்கத்துல ஒருத்தர் தண்ணி பைப்போட ரேடியேட்டர் முன்னாடி நிக்கட்டும். அணைச்சதும் ஆயிலை இறக்கி ஃபில்டரை வெட்டிப் பிரிச்சு அந்த மடிப்பை வெயில்ல விரிச்சுப் பாருங்க, லேசா சாம்பல் பூச்சு இருந்தா பரவால்ல, கண்ணுக்கு தெரியற மாதிரி மினுமினுன்னு துகள் இருந்தா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க, கேமை வெளிய எடுங்க.