ராணி எறும்புக்குப் பசிக்காதா?

கேள்வி: மழை விட்ட மாலையில், இறக்கை உதிர்ந்து தரையில் ஓடிக்கொண்டிருந்த பெரிய கறுப்பு ராணி எறும்பு ஒன்றைப் பிடித்தேன். நீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்த சோதனைக் குழாயில் வைத்து 2 வாரங்கள் ஆகின்றன. சர்க்கரைத் தண்ணீர் வைத்தும் அது தொடவில்லை. 6 முட்டைகள் இட்டிருந்தது. நேற்றுப் பார்த்தபோது இரண்டுதான் இருந்தன. பட்டினியால் இறந்துவிடுமோ?

பதில்: உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது கட்டெறும்பு வகையின், அதாவது காம்பொனோட்டஸ் பேரினத்தின், ராணியாகத் தோன்றுகிறது, அப்படியானால் கவலை வேண்டாம். கூடல் பறப்பின்போது பெற்ற விந்தணுவை வயிற்றுக்குள் உள்ள ஒரு சிறு பையில் ஆயுளுக்கும் சேமித்துக்கொண்டு தரையிறங்கும் இந்த ராணி, தன் இறக்கைகளைத் தானே உதிர்த்துவிடுகிறது. இனிப் பறக்க வேண்டியதில்லை என்பதால், மார்பை நிறைத்திருக்கும் பறப்புத் தசைகள் மெல்லக் கரைந்து, உடலில் உள்ள கொழுப்போடு சேர்ந்து, முட்டைகளுக்கும் முதல் புழுக்களுக்கும் உணவாகின்றன. முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும் வரை அது எதையும் தின்ன வேண்டியதில்லை. பஞ்சின் ஈரமே அதற்குப் போதும். சர்க்கரைத் தண்ணீர் பூஞ்சையைத்தான் வரவழைக்கும் என்பதால், அதைக் குழாயை உலுக்காமல் மெல்ல ஒற்றி எடுத்துவிடுங்கள். எல்லா இனங்களும் இப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: பொனெரினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த பல ராணிகள் இரை தேடி உண்டபடியேதான் கூடு தொடங்குகின்றன. ஆகையால் இனத்தை அறிந்துகொள்வது முதல் வேலை.

காணாமல்போன முட்டைகளை அது தானே தின்றிருக்கும். அதிர்வும் வெளிச்சமும் தொடர்ந்தால், அந்த இடம் பாதுகாப்பற்றது என்று கொண்டு, முட்டையில் போட்ட சத்தை ராணி திரும்ப எடுத்துக்கொள்கிறது. நான் முதலில் வளர்த்த ராணியை இப்படித்தான் இழந்தேன். தினமும் இரவில் குழாயை எடுத்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். எடுத்த நொடியே அது முட்டைகளை ஒரே உருண்டையாகத் தாடையில் கவ்விக்கொண்டு, நீரை அடைத்த பஞ்சுக்கும் குழாய் வாயை அடைத்த பஞ்சுக்கும் இடையே ஓடும். அதைத் தாய்ப்பாசம் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பதற்றம். ஒரு வாரத்தில் உருண்டை பாதியானது, பிறகு ஒன்றுமே இல்லை. உணவு கொடுக்காததால் சாகும் ராணிகளைவிட, அன்பு மிகுதியால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதால் வீணாகும் ராணிகளே அதிகம் என்பது என் அனுபவம்.

குழாயை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, வெயிலும் அதிர்வும் படாத அலமாரியில், 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விட்டுவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேலும் ஒலிபெருக்கியின் அருகிலும் வைக்கக் கூடாது. வாரம் ஒரு முறை, அரை நிமிடம் பார்த்தால் போதும். முட்டை புழுவாகி, புழு பழுப்பு நிறக் கூட்டைப் பின்னிக்கொண்டு, அதன் ஒரு முனையில் கரும்புள்ளி தெரிந்தால், எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள். இந்த இனத்தில் முதல் வேலைக்கார எறும்பு வெளிவர, வெப்பத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 6 முதல் 8 வாரங்கள் ஆகும். கூட்டைக் கிழித்துக் குஞ்சை வெளியே எடுப்பது ராணியின் வேலை. நீங்கள் உதவப் போக வேண்டாம்.

கேள்வி: துணைக்கு இன்னொரு ராணியை அதே குழாயில் விடலாமா?

பதில்: கூடாது. தொடக்கத்தில் ஒற்றுமையாக இருப்பதுபோல் தோன்றினாலும், பெரும்பாலான இனங்களில் வேலைக்கார எறும்புகள் வந்தபின் சண்டை மூண்டு ஒன்றுதான் மிஞ்சும்.

கேள்வி: வேலைக்கார எறும்புகள் வந்தபின் என்ன தர வேண்டும்? எப்போது பெரிய கூட்டுக்கு மாற்றலாம்?

பதில்: முதல் தலைமுறை மிகச் சிறியதாக, விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். நீரில் கரைத்த தேனை அலுமினியத் தாளில் குண்டூசித் தலையளவு வையுங்கள். ஒட்டிக்கொண்டு மூழ்கும் அளவுக்குச் சொட்ட வேண்டாம். புழுக்கள் வளரப் புரதம் தேவை என்பதால், கொதிநீரில் முக்கியெடுத்த ஈ அல்லது வெட்டுக்கிளியின் சிறு துண்டை வாரம் இரு முறை கொடுத்து, மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். பூச்சிமருந்து தெளித்த இடத்தில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம்.

கூடு மாற்ற அவசரப்படாதீர்கள். 20, 30 எறும்புகளாவது சேரும் வரை குழாயே நல்ல வீடு. பெரிய கூட்டில் ஈரத்தைச் சீராக வைப்பதும் குப்பையைக் கவனிப்பதும் சிறு குடும்பத்துக்கு எட்டாத காரியம். குழாயின் நீர் வற்றினாலோ பஞ்சு கறுத்தாலோ, புதுக் குழாயை வாயோடு வாய் சேர்த்து ஒட்டி, பழையதில் வெளிச்சம் படவும் புதியதில் இருள் சூழவும் செய்யுங்கள். தாமாகவே, சில நாட்களில், முட்டைகளைத் தூக்கிக்கொண்டு குடிபெயர்ந்துவிடும். தட்டி உதிர்க்கக் கூடாது.

கேள்வி: வெளிநாட்டு இன ராணி ஒன்றை வாங்கினேன். இன்னும் இறக்கை உதிரவில்லை. முட்டையிலிருந்து ஆண்களே வருகின்றன. வெளியே விட்டுவிடலாமா?

பதில்: கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண் எறும்புகள் மட்டுமே பிறக்கும் என்பதால், உங்கள் ராணி கூடாமலே இருந்திருக்கும், அதனால் கூடு உருவாகாது. ஆனாலும் வேற்று இனத்தை வெளியே விடவே கூடாது. குடியேறிய அயல் எறும்புகள் உள்ளூர் இனங்களை விரட்டியடித்த இடங்கள் உலகில் பல. அதன் ஆயுள் முடியும்வரை குழாயிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.