சட்டம் கேளுங்கள்: தலையாட்டினால் சம்மதமா?

கேள்வி: என் தம்பி பிறவியிலேயே காது கேளாதவன். பேச்சும் இல்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை. வீட்டுச் சைகை மட்டும்தான் தெரியும். பூட்டிக்கிடந்த ஒரு வளவு வீட்டுக்குக் காவல் இருந்தான். அங்கே நடந்த கொலைக்கு அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். ஆறு வருஷமாக மதுரைச் சிறையில் இருக்கிறான். விசாரணையில் எதைக் கேட்டாலும் தலையாட்டினானாம். அப்பீல் போகவில்லை. ஆளுநருக்குக் கருணை மனு எழுதினால் விடுவார்களா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: எழுதலாம் அம்மா. ஆனால் முதல் மனு அதுவாக இருக்க வேண்டாம். அரசியல் சட்டத்தின் 161வது பிரிவில் ஆளுநர் மன்னித்தால் தண்டனைதான் போகும். ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பு ஏட்டில் அப்படியே நிற்கும். அதை அழிக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையால்தான் முடியும்.

செஷன்ஸ் தீர்ப்புக்கு எதிரான அப்பீலுக்கு 60 நாள் கெடு. அது தாண்டிவிட்டாலும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போடலாம். அப்பீல் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குப் புரிந்திருக்காது. அதையே காரணமாக எழுதுங்கள். கூடவே தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் போடச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் தேட வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள்.

வழக்கின் உயிர் விசாரணைக் கட்டில் இருக்கிறது. தீர்ப்பு நகல் மட்டும் போதாது. சாட்சி வாக்குமூலங்கள், மகஜர் (போலீஸ் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு), பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313வது பிரிவுப்படி நீதிபதி உங்கள் தம்பியிடம் கேட்ட கேள்வி பதில்கள், ஒவ்வொரு வாய்தாவின் குறிப்பு என எல்லாவற்றுக்கும் நகல் மனு போடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் யார், அவர் உறுதிமொழி எடுத்தாரா, கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 313 பதில்கள் வரிசையாக ‘ஆம்’ என்றோ ‘தெரியாது’ என்றோ ஒரே மாதிரி இருந்தால் அதுவே பெரிய ஓட்டை. நடப்பதைப் புரிந்துகொள்ள முடியாதவரைத் தண்டித்தால், செஷன்ஸ் நீதிபதி கோப்பை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பி உத்தரவு பெற வேண்டும் என்றது 318வது பிரிவு (புதிய சட்டத்தில் 357). அனுப்பினார்களா என்பதை வக்கீல் முதலில் பார்க்கட்டும். பலருக்கு இந்தப் பிரிவே நினைவுக்கு வருவதில்லை.

‘உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்’ என்று அரசுத் தரப்பு சொல்லக்கூடும். கண்ணாடி முன் நின்று ‘பணம்’, ‘மணம்’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒன்றுபோலத்தான் அசையும். எதிரே நிற்கும் ஆளைச் சமாதானப்படுத்தத் தலையாட்டுவது காது கேளாதோர் பலரின் வழக்கம். அது ஒப்புக்கொண்டதாகாது.

அடுத்தது மருத்துவச் சான்று. சாதாரண ஆடியோகிராம் சோதனை, அவர் கை தூக்கிக் காட்டுவதை நம்பியது. ‘நடிக்கிறார்’ என்று தள்ளிவிடலாம். ‘பெரா’ சோதனையில் ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் பதிலைக் கருவியே பதிவு செய்கிறது. இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் சட்டப்படி காது கேளாதவர். வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழிக்காவல் வேண்டும், தேதி தள்ளிப்போகும். சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு ஒப்புகை வாங்குங்கள். ஆனால் சோதனை காட்டுவது இன்றைய நிலையைத்தான். கைதுக்கு முன்பே கேளாதவர் என்பதற்குப் பழைய மாற்றுத்திறனாளி அட்டையோ உதவித்தொகைத் தாளோ தேடுங்கள்.

பள்ளிச் சைகை மொழி தெரியாதவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போதாது. வீட்டுச் சைகையைப் பிடிக்கத் தெரிந்த காது கேளாதவர் ஒருவரும், அதைத் தமிழாக்கக் கேட்கும் திறனுள்ளவர் ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். வீடியோவும் எடுக்கட்டும். நீங்களே மொழிபெயர்த்தால் ‘அக்கா சொல்லிக் கொடுத்தது’ என்பார்கள்.

அப்பீலும் கைகொடுக்காவிட்டால் கருணை மனு. அப்போதும் இந்தச் சான்றுகளே இணைப்பு. கோர்ட் முடிவுக்கு மாறாகவும் சாட்சியங்களை எடைபோட்டுப் பார்க்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு என்று 1988இல் கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; ஆளுநருக்கான மனுவிலும் அதைக் குறிப்பிடுங்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதித் தருகிறவர் பழக்கதோஷத்தில் ‘தெரியாமல் செய்த தவறை மன்னிக்கவும்’ என்று போட்டுவிடுவார். அந்த ஒரு வரி போதும், எல்லாம் கெட. ‘நிரபராதி; விசாரணை அவருக்குப் புரியவே இல்லை’ என்றே இருக்கட்டும். சிறைக் கண்காணிப்பாளர் வழியாக ஒன்று, உள்துறைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள்.

கேள்வி: பதினான்கு வருஷம் முடியாமல் ஆயுள் கைதியை விட முடியாது என்கிறார்களே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கொலை வழக்கு ஆயுள் கைதிக்கு அரசு தரும் முன்விடுதலைக்குத்தான் அந்தக் கணக்கு. 161வது பிரிவை அது கட்டாது. 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கேள்வி: ஆளுநர் மனுவைக் கிடப்பில் போட்டால்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அமைச்சரவை ஆலோசனை ஆளுநரைக் கட்டும். பேரறிவாளன் விஷயத்தில் 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்தும் இழுத்தடித்ததால், 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுவித்தது. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று உள்துறைக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முக்கியமான சான்றைப் பார்க்காமலே நிராகரித்திருந்தால் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். பெரா அறிக்கையை மனுவோடு இணைத்து, இணைப்புப் பட்டியலிலும் குறித்திருந்தால்தான் ‘பார்க்கவில்லை’ என்று வாதாட முடியும்.